தன்னையே கடித்துக்கொள்ளும் பிள்ளைக்குப் பல் பராமரிப்பு: தோட்டப்புறக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புகளுக்குக் குடிவந்த வீடுகளிலும் ஓகேயு பிள்ளைகளோடு, அதாவது மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நான் டாக்டர் இல்லை. சமூக மறுவாழ்வு மையத்தில், அதாவது நாம் பிடிகே என்று சொல்லும் இடத்தில், பயிற்சியாளர். பிள்ளைகளைப் பல் கிளினிக்குக்கும் ஈப்போ ஜிஎச் எனும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போவது, டாக்டர் சொன்னதை வீட்டில் செய்ய முடிகிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் என் வேலையில் சேர்ந்தது.

அரிய நரம்புக் கோளாறு உள்ள சில பிள்ளைகள் தங்கள் உதட்டையும் நாக்கையும் விரலையும் சதை போகும் அளவுக்குக் கடிப்பார்கள். இந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை பல் டாக்டரிடம் வரும்போது கீழுதட்டில் ஒரு துண்டு ஏற்கெனவே போயிருக்கும். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் எளிதாக முடிந்திருக்கும். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். படிகளை வரிசையாகத் தந்திருக்கிறேன். உங்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே காயம் இருந்தால் நேராக ஆறாவது படிக்குப் போய்விட்டு, பிறகு மேலே திரும்பி வாருங்கள்.

முதல் படி: எந்த வகைக் கடி என்று பிரித்துப் பாருங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கடியும் ஒன்றுபோல இருக்கும். உள்ளே மூன்று வேறு கதைகள் உண்டு. இதைப் பிரிக்காமல் எந்த வைத்தியம் செய்தாலும் பாதி வீணாகும்.

ஒன்று, வலியே தெரியாத பிள்ளை. பிறவியிலேயே வலி உணர்வு நரம்புகள் வளராத நோய்கள் சில உண்டு. அவற்றில் ஒரு வகையில் வலியும் தெரியாது, வியர்வையும் சுரக்காது. என்டிஆர்கே1 என்ற மரபணுவில் வரும் கோளாறு இது. இந்தப் பிள்ளைக்கு முன்பல் முளைத்த உடனேயே தொல்லை தொடங்கிவிடும். கீழ்ப்பல் உரசி நாக்கின் அடியில் புண் வரும், பிள்ளை சிரித்துக்கொண்டே இருக்கும். விரல் நுனியை மென்றுவிடும். பல்லைத் தானே அசைத்துப் பிடுங்கிப் போடும் பிள்ளைகளும் உண்டு. வலி தெரியாததால் வாயில் இருப்பது தன் விரல் என்றே அதற்கு உறைப்பதில்லை.

இரண்டாவது, வலி முழுதாகத் தெரிந்தும் நிறுத்த முடியாத பிள்ளை. இதற்குத் தெளிவான உதாரணம் லெஷ்-நைஹான் நோய். 1964-இல் மைக்கேல் லெஷ், வில்லியம் நைஹான் என்ற இருவர் இதை விவரித்து எழுதினார்கள். எச்பிஆர்டி என்ற நொதி உடம்பில் கிட்டத்தட்ட இல்லாமல் போவதால் யூரிக் அமிலம் ஏறும், மூளையின் அசைவுக் கட்டுப்பாடும் கெடும். ஏறக்குறைய எல்லாரும் ஆண் பிள்ளைகள். கைக்குழந்தையாக இருக்கும்போது பேம்பர்ஸில் ஆரஞ்சு நிற மணல் மாதிரி படிந்திருப்பதைச் சில அம்மாக்கள் நினைவுகூர்வார்கள். தலை நிற்காது, உட்கார மாட்டான், கைகால் முறுக்கும். பெருமூளை வாதம் என்றே முதலில் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று வயதில் கடி தொடங்கும். சிலருக்கு அதற்குப் பிறகுதான் வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், கை வாய்க்குப் போகாதபடி முழங்கையில் போடும் பட்டையைக் கழற்றினால் பதறிவிடுவான். வாய் குழறிக்கொண்டே "கட்டு, கட்டு" என்பான். கட்டிய பிறகுதான் முகம் தெளியும், சிரிப்பான், டிவியைக் காட்டுவான். தன் கை தனக்கு எதிராகப் போவது அவனுக்குத் தெரிகிறது, அதைக் கண்டு பயப்படுகிறான். அந்த முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் யாரும் அவனைத் திமிர் பிடித்தவன் என்று சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவது, வேறெங்கோ வலிக்கிறது, அதைச் சொல்லத் தெரியாமல் கடிக்கும் பிள்ளை. கொர்னேலியா டி லாங்கே, ஸ்மித்-மெகெனிஸ் போன்ற அரிய மரபணு நோயுள்ளவர்களிடமும், பேச்சு வராத மற்றப் பிள்ளைகளிடமும் இதைப் பார்க்கலாம். சொத்தைப் பல், காது சீழ், வயிற்று அமிலம் மேலேறுவது, மலச்சிக்கல், முளைக்கப் போகும் கடைவாய்ப் பல் என்று காரணம் ஏதாவது இருக்கும். நேற்று வரை கடிக்காத பிள்ளை இன்று கடிக்கிறது என்றால் முதலில் இதைத்தான் தேட வேண்டும். காரணம் சரியானால் கடியும் குறையும். முதல் இரண்டு வகைப் பிள்ளைகளுக்கும் இந்த வலிகள் வரலாம் என்பதை மறக்காதீர்கள்.

பிரித்துப் பார்க்க ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள். எப்போது கடித்தது, அதற்கு முன் என்ன நடந்தது, எந்தப் பக்கத்துப் பல்லால் கடித்தது, கடித்த பிறகு அழுததா, இல்லையா. போனில் இரண்டு மூன்று வீடியோ எடுத்து வையுங்கள். கிளினிக்கில் பிள்ளை அமைதியாக இருந்துவிட்டால் டாக்டருக்குக் காட்ட அதுதான் இருக்கும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். விரலில் வேப்பெண்ணெய், மிளகாய் தடவாதீர்கள். லெஷ்-நைஹான் பிள்ளையிடம் தண்டனை கடியை அதிகமாக்கும். மனப்பதற்றம்தான் அந்தக் கடிக்குத் தீனி. வலி தெரியாத பிள்ளைக்கோ மிளகாய் பட்ட கை கண்ணுக்குப் போனால் கண்மணியே புண்ணாகும், அதுவும் அவனுக்குத் தெரியாது. முனீஸ்வரர் கோயிலில் கயிறு கட்டினால் மனசுக்கு ஆறுதல் என்றால் கட்டுங்கள். கயிறு விரலுக்கும் வாய்க்கும் எட்டாத இடத்தில் இருக்கட்டும், கிளினிக் தேதியும் தவற வேண்டாம்.

இரண்டாவது படி: நோயின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

பல் டாக்டருக்கு நோயின் பெயர் தெரிந்தால் திட்டம் மாறும். கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதார கிளினிக்கில், ருஜுக்கான் (பரிந்துரை) கடிதம் கேட்டு, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் குழந்தை நலப் பிரிவுக்குப் போங்கள். ரத்தத்திலும் சிறுநீரிலும் யூரிக் அமிலம் பார்ப்பது சாதாரணச் சோதனைதான். நொதி, மரபணுச் சோதனை தேவைப்பட்டால் மாதிரியைக் கோலாலம்பூருக்கு அனுப்புவார்கள், அல்லது அங்குள்ள மரபணுப் பிரிவுக்கு உங்களை அனுப்புவார்கள்.

லெஷ்-நைஹான் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. அம்மாவிடம் அது இருந்தாலும் அவருக்கு நோய் தெரியாது. பிறக்கும் ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சில பிள்ளைகளிடம் அது புதிதாகவே தோன்றியிருக்கும். வலி தெரியாத நோய் அப்பா, அம்மா இருவரிடமும் ஒளிந்திருந்து வருவது. சொந்தத்தில் கல்யாணம் செய்த வீடுகளில் அதற்கு வாய்ப்பு கூடுதல். யாரும் தெரிந்து செய்த தப்பு இல்லை. மருமகளைக் குறை சொல்லும் மாமியாரிடம் இதை எடுத்துச் சொல்ல ஒரு நர்ஸையாவது டாக்டரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் நிம்மதி இருந்தால்தான் பிள்ளைக்கும் நிம்மதி.

அலோபியூரினால் மாத்திரை யூரிக் அமிலத்தைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காக்கும். அது கடியை நிறுத்தாது. "மாத்திரை கொடுத்தும் கடிக்கிறானே" என்று சலித்துப்போய் நிறுத்திவிடாதீர்கள்.

மூன்றாவது படி: முதல் பல் தெரிந்ததும் பல் கிளினிக்

கீழ் முன்பல் ஆறு மாதத்திலிருந்து பத்து மாதத்துக்குள் தலைகாட்டும். நோய் தெரிந்த பிள்ளை என்றால் அதுதான் முதல் வருகைக்கான நேரம். காயம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அரசாங்கப் பல் கிளினிக்கில் (கிளினிக் பெர்கிகியான்) கட்டணம் மிகக் குறைவு, ஓகேயு அட்டை இருந்தால் அதுவும் இல்லை. அங்கிருந்து குழந்தைப் பல் சிறப்பு மருத்துவருக்குக் கடிதம் கேளுங்கள். "பிள்ளை சின்னது, பிறகு பார்க்கலாம்" என்று கவுன்டரில் சொன்னால், "பிள்ளைக்கு நரம்பு நோய், தன்னையே கடிக்கும்" என்று சொல்லி டாக்டரையே பார்க்கக் கேளுங்கள். உரிமையோடு கேட்கலாம், சண்டை வேண்டாம்.

முதல் வருகையில் பெரிதாக எதுவும் செய்ய மாட்டார்கள். அம்மாவும் டாக்டரும் முழங்காலோடு முழங்கால் ஒட்டி எதிரெதிரே உட்கார்ந்து, பிள்ளையின் தலையை டாக்டர் மடியில் சாய்த்துப் பார்ப்பார்கள். அன்றே புகைப்படமும் எடுத்து வைத்தால் அடுத்த முறை ஒப்பிட உதவும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள். வலி தெரியாத பிள்ளைக்கு இந்த இடைவெளியைத் தவற விடவே கூடாது, ஏனென்றால் பல் வலிக்கிறது என்று அது ஒருநாளும் சொல்லப் போவதில்லை. தாடை எலும்பு வரை சீழ் போன பிறகுதான் வீக்கம் வெளியே தெரியும்.

பல் முளைக்கும்போது ஈறில் தடவும் மரப்பு ஜெல்லைத் தவிர்த்துவிடுங்கள். மரத்துப்போன உதட்டைக் கடிப்பது சாதாரணப் பிள்ளையே செய்யும்.

நான்காவது படி: பல் துலக்குவது

நிறைய குடும்பங்கள் கைவிட்டுவிடுவது இதைத்தான். வாயைத் திறந்தால் கடிக்கிறான், அதனால் துலக்குவதில்லை. துலக்காததால் சொத்தை, சொத்தையால் வலி, வலியால் இன்னும் கடி. இந்தச் சுழலை வீட்டில்தான் உடைக்க முடியும்.

நேரத்தைப் பற்றி முதலில். விடியற்காலை தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கோ, ஃபாக்டரி பஸ்ஸுக்கோ ஓடும் அம்மாவிடம் காலையில் நிதானமாகத் துலக்குங்கள் என்று சொல்வது நியாயமில்லை. இரவுத் துலக்கலை முக்கியமாக வைத்துக்கொள்ளுங்கள். தூங்குவதற்கு முன், சாப்பாடும் மருந்தும் பாலும் எல்லாம் முடிந்த பிறகு. காலையில் வீட்டிலிருக்கும் பாட்டி ஈரத் துணியால் துடைத்துவிட்டால் கூடப் போதும்.

இடத்தைப் பற்றி அப்புறம். பாத்ரூமில் நின்றுகொண்டு செய்யாதீர்கள். ஐந்தடியில், அதாவது வீட்டு முன் தாழ்வாரத்தில், பாய் விரித்து நீங்கள் காலை நீட்டி உட்காருங்கள். பிள்ளையின் தலை உங்கள் மடியில், முகம் மேலே பார்த்து இருக்கட்டும். தலையைப் பின்னால் தொங்கவிடக் கூடாது, எச்சில் மூச்சுக்குழாய்க்குப் போகும். தாடை மார்புப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் நல்லது. விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளையைச் சரிந்து உட்கார்ந்த நிலையிலேயே வைத்துத் துலக்குங்கள். கைகளை இன்னொருவர் பிடித்துக்கொள்ளலாம், அல்லது பிள்ளைக்குப் பிடித்த போர்வையால் தளர்வாகச் சுற்றலாம்.

உங்கள் விரலைப் பற்றி ரொம்பக் கவனம். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விரல் போகவே கூடாது. ஆள்காட்டி விரலைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் உள்ள பைக்குள் மட்டும் விடுங்கள். அங்கே விரல் இருந்தால் உதடும் கன்னமும் பல்லிலிருந்து விலகும், உங்களையும் கடிக்க முடியாது. வாயைத் திறந்து வைக்க இரண்டு பிரஷ் முறை நன்றாக வேலை செய்யும். தடித்த கைப்பிடியுள்ள பழைய பிரஷின் பிடியில் சுத்தமான துணியை இறுக்கிச் சுற்றி ஒரு பக்கத்துக் கடைவாயில் கடிக்கக் கொடுத்துவிட்டு, மறுபக்கத்தை இன்னொரு பிரஷால் துலக்குங்கள். பிறகு மாற்றுங்கள். ஸ்பூன் வேண்டாம், பல் உடையும்.

பேஸ்ட் 1000 பிபிஎம்-க்குக் குறையாத ஃபுளோரைடு உள்ளதாக இருக்கட்டும். டியூபின் பின்னால் போட்டிருக்கும். மூன்று வயது வரை அரிசி மணி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு. நுரை அதிகமாக வரும் பேஸ்டைச் சில பிள்ளைகள் தாங்க மாட்டார்கள், நுரையில்லாதது கடையில் கிடைக்கிறது. துப்பத் தெரியாவிட்டால் துணியால் துடைத்து எடுங்கள், வாய் கொப்பளிக்க வைக்க வேண்டாம்.

முதல் நாளே முழு வாயும் துலக்க முடியாது. முன்பல் நான்கு, எண்ணிப் பத்து, நிறுத்திவிடுங்கள். தினமும் ஒரே பாட்டு, ஒரே வரிசை, ஒரே ஆள். ஒரு பாட்டி பேரனுக்குத் துலக்கும்போது மாரியம்மன் தாலாட்டையே மெதுவாக முணுமுணுப்பார். பாட்டு முடியும்போது பிரஷும் நின்றுவிடும் என்று அவன் கண்டுகொண்டான், அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் போராட்டம் குறைந்துவிட்டது. எப்போது முடியும் என்று தெரிந்தால் பதற்றம் தணியும். லெஷ்-நைஹான் பிள்ளைகள் பேசுவதைவிட ரொம்ப அதிகமாகவே புரிந்துகொள்வார்கள், அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிச் சொல்லிச் செய்யுங்கள்.

ஐந்தாவது படி: சாப்பாடும் மருந்தும்

டின் பாலும் சீனி போட்ட மிலோவும் பாட்டிலில் வைத்தபடி தூங்க விடுவதை நிறுத்துங்கள். இனிப்பு சிரப் மருந்தாக இருந்தால் சீனி இல்லாதது உண்டா, மாத்திரையாகத் தர முடியுமா என்று கேளுங்கள். கொடுத்த பிறகு வாயைத் துடைத்துவிடுங்கள். வலிப்புக்கு பெனிட்டோயின் சாப்பிடும் பிள்ளைக்கு ஈறு தடித்துப் பல்லை மூடும், அதைப் பல் டாக்டரிடம் சொல்லுங்கள். லெஷ்-நைஹான் பிள்ளைக்குத் தண்ணீர் நிறைய வேண்டும், இது பல்லுக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. வலி தெரியாத பிள்ளைக்குச் சூடும் தெரியாது, எதைக் கொடுத்தாலும் உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

ஆறாவது படி: கடித்துவிட்டால்

விரல் பல்லில் மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். இழுத்தால் தோல் கிழியும். கையை வாய்ப்பக்கமாகவே மெதுவாக அழுத்திப் பிடியுங்கள், தாடை தளரும் கணத்தில் வெளியே எடுங்கள். குரலை உயர்த்தாதீர்கள், பிள்ளை ஏற்கெனவே பயந்திருக்கிறான்.

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. பிள்ளை நிமிர்ந்து, கொஞ்சம் முன்னால் குனிந்து இருக்கட்டும், ரத்தம் தொண்டைக்குப் போகக் கூடாது. மஞ்சள் தூள், காப்பித்தூள் வைக்க வேண்டாம். கைவிரல் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். மனிதப் பல் பட்ட காயம் சீக்கிரம் சீழ் பிடிக்கும், கிளினிக்கில் காட்டிவிடுவது நல்லது. வலிக்குப் பாராசெட்டமால் எடைக்கேற்ற அளவில் போதும், ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது.

அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை, நாக்கு வீங்குகிறது, மூச்சில் சத்தம் வருகிறது, முகம் வீங்கிக் காய்ச்சல் அடிக்கிறது, துண்டு தொங்குகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரி. 999 கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து வீட்டுக் காரில் போங்கள். பல் முழுதாக விழுந்துவிட்டால் அதை எடுத்துக்கொண்டே போங்கள். காணவில்லை என்றால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வியர்க்காத பிள்ளைக்கு ஒரு தனி எச்சரிக்கை. மத்தியான வெயிலில் தகரக் கூரை வீட்டில் அதன் உடம்பு சூடு சட்டென்று ஏறும். ஈரத்துணி, காற்றாடி, நிழல் என்று முதலில் குளிர வையுங்கள். குளிர வைத்தும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் வாயைத் திறந்து ஈறைப் பாருங்கள், காலைக் கையை அமுக்கிப் பாருங்கள். சொல்லப்படாத சீழோ எலும்பு முறிவோ இருக்கலாம்.

ஏழாவது படி: கையைக் காப்பது

முழங்கை மடங்காதபடி போடும் மெத்தென்ற பட்டை, கையுறை, இதெல்லாம் ஆஸ்பத்திரியின் தொழில்வழிச் சிகிச்சையாளர் அளவெடுத்துத் தருவார். வீட்டில் அட்டையும் கயிறும் வைத்துக் கட்டாதீர்கள், ரத்த ஓட்டம் நிற்கும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றித் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். கழற்றும்போது இன்னொருவர் பிள்ளையின் கையைத் தன் கையில் பிடித்துக்கொள்ளட்டும். பிள்ளையே கேட்டு அணிவது பாதுகாப்பு. சொல்பேச்சு கேட்கவில்லை என்று கட்டிப்போடுவதை ஒருநாளும் ஏற்க முடியாது. பள்ளியிலோ, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையிலோ விட்டால் இந்த வேறுபாட்டை அவர்களுக்கும் எழுதிக் கொடுங்கள்.

எட்டாவது படி: வாய்க்காப்பு

கைகளைக் காக்கலாம், உதட்டையும் நாக்கையும் காக்கப் பல்லின் மேல்தான் ஏதாவது செய்ய வேண்டும். பல் டாக்டரிடம் உள்ள வழிகளில் திரும்ப மாற்றக்கூடியதை முதலில் செய்து பார்ப்பது நல்லது.

மிக எளியது, கூரான பல் முனைகளைத் தேய்த்து மழுக்குவது, அல்லது பல் அடைக்கப் பயன்படும் வெள்ளை நிறப் பொருளை வைத்து உருட்டிவிடுவது. வலி தெரியாத கைக்குழந்தையின் நாக்கடிப் புண் இதிலேயே ஆறுவது உண்டு. சொத்தையைச் சில்வர் டையமின் ஃபுளோரைடு தடவி நிறுத்தலாம். ட்ரில் தேவையில்லை, அந்த இடம் கறுப்பாகிவிடும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது வாய்க்காப்பு. வாயின் அச்செடுத்து, மென்மையான பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சின்மேல் படிய வைத்துச் செய்வது. கடித்தாலும் பல்முனை சதையில் இறங்காது. கீழுதட்டையே குறிவைத்துக் கடிக்கும் பிள்ளைக்கு வேறொரு அமைப்பு உண்டு. கடைவாய்ப் பல்லில் வளையம் மாட்டி, அதிலிருந்து வரும் கம்பியும் பட்டையும் உதட்டை முன்னால் தள்ளி வைக்கும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை இவை. பிள்ளை நாக்கால் தள்ளிக் கழற்ற முடியுமா? கழன்றால் விழுங்கும் அளவுக்குச் சின்னதா? உடைந்தால் துண்டாகுமா? எக்ஸ்ரேயில் தெரியுமா? கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் நிறத்தில் கேளுங்கள், தரையிலும் மெத்தையிலும் தேடும்போது அருமை புரியும். விளையாட்டுக் கடையில் விற்கும், வெந்நீரில் போட்டுக் கடிக்கும் வகை வேண்டாம். அது சரியாகப் பிடிக்காது, தொண்டையில் அடைக்கும்.

முதல் வாரம் சிரமம்தான். முதல் நாள் ஐந்து நிமிடம், பிறகு பிடித்த கார்ட்டூன் ஓடும்போது கொஞ்ச நேரம், அப்படியே கூட்டுங்கள். சாப்பிடும்போது கழற்றுங்கள். வாந்தி வரும் பிள்ளைக்கும், வலிப்பு கட்டுப்படாத பிள்ளைக்கும் தூக்கத்தில் போடலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கழற்றியதும் பச்சைத் தண்ணீரில் பிரஷால் கழுவுங்கள், வெந்நீர் பட்டால் வடிவம் கோணிவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் மூடிய டப்பாவில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், ஓட்டையுள்ள டப்பாவில் உலர வையுங்கள். நாக்கிலோ கன்னத்திலோ துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் தெரிந்தால் காட்டுங்கள். புதுப் பல் முளைத்தால் பழைய காப்பு பொருந்தாது. ஆறு வயதிலும், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது வரையும் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

தாடைத் தசையில் போட்டுலினம் ஊசி போட்டுக் கடியின் பலத்தைக் குறைக்கும் வழியும் உண்டு. மூன்று நான்கு மாதம் நிற்கும், பிறகு மறுபடி போட வேண்டும். விழுங்குவது பலவீனமாகலாம் என்பதால் நரம்பு மருத்துவரும் சேர்ந்துதான் முடிவெடுப்பார்.

ஒன்பதாவது படி: பல்லை எடுப்பது

எந்த அம்மாவும் கேட்க விரும்பாத பேச்சு இது. எல்லாம் செய்தும் உதடு கரைந்துகொண்டே போனால், முன்பற்களையோ, சில வேளைகளில் இன்னும் அதிகமான பற்களையோ எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லலாம். லெஷ்-நைஹான் குடும்பங்களில் பலர் கடைசியில் இதற்குத்தான் வருகிறார்கள்.

என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். பால்பல்லாக இருந்தால் நிறைய யோசிக்க வேண்டாம். காப்பு பொருந்தவில்லை, காயம் வாராவாரம் வருகிறது என்றால் எடுத்துவிடலாம். எப்படியும் விழப் போகிற பல்லுக்காகத் திரும்ப வளராத உதட்டை இழப்பது நியாயமில்லை. நிலைப்பல் வேறு விஷயம், அது திரும்ப வராது. அங்கே இரண்டாவது டாக்டரின் கருத்தையும் கேளுங்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பிரிவு போன்ற இடங்களுக்குக் கடிதம் கேட்கலாம். எந்தப் பல் காயம் செய்கிறது என்று உங்கள் வீடியோவும் குறிப்பும் காட்டும், அதை மட்டும் எடுத்தால் போதுமா என்று கேளுங்கள். முன்பல் போன பிறகு கன்னத்தைக் கடைவாய்ப் பல்லால் கடிக்கும் பிள்ளையும் உண்டு, அதற்குக் காப்பு தேவையா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

பிள்ளைக்குப் புரியும் வயது என்றால் அவனையும் கேளுங்கள். தலையாட்டலோ கண்சிமிட்டலோ எதுவானாலும் அது அவன் பதில். ஒரு அம்மா என்னிடம், "அக்கா, அவன் அழகு போயிடுமே" என்றார். பையன் பக்கத்திலிருந்து வாயைத் திறந்து தன் முன்பல்லை நாக்கால் தொட்டுக் காட்டினான். அந்த வீட்டில் முடிவு அன்றே எடுக்கப்பட்டது.

பத்தாவது படி: மயக்க மருந்து நாள்

இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய வேலை எதுவானாலும் முழு மயக்கத்தில்தான் நடக்கும். அடிக்கடி மயக்கம் கொடுக்க முடியாது, அதனால் ஒரே மயக்கத்தில் முடிகிற எல்லாவற்றையும் சேர்க்கக் கேளுங்கள்: சொத்தை அடைப்பது, பல் சுத்தம், எக்ஸ்ரே, காப்புக்கு அச்சு, எடுக்க வேண்டிய ரத்தம், காது பார்ப்பது, நகம் வெட்டுவது கூட.

மயக்க மருந்து டாக்டரிடம் மூன்றைச் சொல்லாமல் விடாதீர்கள். லெஷ்-நைஹான் என்றால் நீண்ட நேரம் தண்ணீர் இல்லாமல் இருக்கக் கூடாது, முதல் கேஸாக எடுக்க முடியுமா, ட்ரிப் போட முடியுமா என்று கேளுங்கள். வியர்க்காத பிள்ளை என்றால் உடம்புச் சூட்டைக் கவனிக்க வேண்டும். எச்சில் புரையேறும் பழக்கம் இருந்தால் அதையும். கையுறையும் முழங்கைப் பட்டையும் கையோடு கொண்டு போங்கள். மயக்கம் தெளியும்போது பிள்ளை பயத்தில் கடிக்கும், அப்போது கைகள் கட்டற்றுக் கிடந்தால் ஆபத்து.

வாயில் மரப்பு ஊசி போட்டிருந்தால் அடுத்த சில மணி நேரம் கண்ணை எடுக்காதீர்கள். உணர்வில்லாத உதட்டில் அந்த நேரத்தில்தான் பெரிய காயம் வருகிறது. சுருட்டிய காஸ் துணி எத்தனை நேரம் பல்லிடையே இருக்க வேண்டும், எப்போது சாப்பிடலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதினோராவது படி: அட்டை, கடிதம், தேதி

ஓகேயு அட்டைக்கு விண்ணப்பப் பாரத்தில் டாக்டர் கையெழுத்து வாங்கி, கெபாஜிக்கான் ஆபீஸில், அதாவது சமூக நல அலுவலகத்தில், கொடுக்க வேண்டும். சுங்கை சிப்புட்காரர்களுக்கு அது கோலகங்சாரில். இணையம் வழியாகவும் செய்யலாம். படுக்கையில் இருக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கு உதவித்தொகையும் உண்டு, அதே ஆபீஸில் கேளுங்கள். மலேசிய அரிய நோய்கள் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அதே நோயுள்ள இன்னொரு குடும்பத்தைக் கண்டுபிடிக்க அது நல்ல வழி.

ஒரே தாளில் ஒரு குறிப்பு எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பிள்ளையின் பையிலேயே வையுங்கள். நோயின் பெயர், மருந்துகள், ஒவ்வாமை, எதைக் கண்டால் பதறுவான், எதைச் செய்தால் அமைதியாவான், பட்டையை எப்போது கழற்றலாம், யாரைக் கூப்பிட வேண்டும். மலாயில் ஒன்று, தமிழில் ஒன்று. அவசரப் பிரிவில் நடுராத்திரி நிற்கும் புது டாக்டருக்கு மலாய்த் தாள், அன்றைக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் சித்திக்கோ பாட்டிக்கோ தமிழ்த் தாள். பல் கிளினிக் தேதி மாறும்போதெல்லாம் தாளிலும் மாற்றி எழுதுங்கள். புதுக் காப்பு செய்தால் அது போட்ட தேதியையும், எந்தப் பல் விழுந்தது, எந்தப் பல் எடுத்தார்கள் என்பதையும் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள்.